பூட்டிய பெட்டியில் எட்டு வளையல்

இதைக் கேட்டபோது முதலில் நானும் சிரித்தேன். நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். சொன்ன ஆளுக்குப் பொய் சொல்லும் சாமர்த்தியம் இருந்திருந்தால் வாழ்க்கையில் எப்போதோ முன்னேறியிருப்பார்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சைக்கிளில் போகிற கிழவர்கூட அவரை முந்திக்கொண்டு போவார் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் நத்தை. படுக்கையில் கிடந்த அம்மாவை ஒன்பது வருஷம் தூக்கி உட்கார வைத்தவர். அதில் கல்யாணம் தள்ளிப் போனது. பிறகு தள்ளியே போய்விட்டது.

அம்மாவிடம் எட்டு தங்க வளையல். கை மெலிந்து நழுவ ஆரம்பித்ததும் ஒரு தகர டப்பாவுக்குள் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போனில், “எல்லாம் உனக்குத்தான் கண்ணு” என்பார். போனை வைத்ததும் மகனிடம், “உங்கிட்டயே இருக்கட்டும்டா” என்பார். நத்தை இரண்டையும் கேட்டுக்கொண்டு கஞ்சி ஆற்றுவார்.

அம்மா போய்ச் சேர்ந்தார். அக்கா போன் செய்தாள். “டிக்கெட் நான் போடறேன். வளையலை நீயே கொண்டு வந்துடு.”

“வாங்கிக்கோக்கா. நான் என்ன, கியர் கம்பிக்கா போட்டுவிடப் போறேன்?”

கைப்பையில் வைத்தால், தூங்கும்போது எவனாவது உருவிவிடுவானோ என்று பயம். அதனால் அம்மாவின் பழைய ஸ்வெட்டரில் டப்பாவைச் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, விமான நிலையக் கவுன்டரில் போட்டுவிட்டார். நகையை அந்தப் பெட்டியில் போடக் கூடாது என்று ஊருக்கே தெரியும். இவருக்கு அது முதல் விமானம். கொக்குக்குப் பயந்து மீனைப் பூனையிடம் கொடுத்த கதை.

போய் இறங்கியதும் அக்கா வீட்டு ஹாலில் பெட்டியைத் திறந்தார். ஸ்வெட்டர் சுற்றினபடியே இருந்தது. டப்பா மூடினபடியே இருந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.

“எங்கடா?”

“இதுலதான்கா வச்சேன்...”

“பூட்டு பூட்டினபடி இருக்கேடா.”

அத்தான் டிவி சத்தத்தைக் குறைத்தார். அது பேசினதைவிட மோசம்.

எடுத்ததை எல்லாம் திரும்ப அடுக்கி, அப்போதே விமான நிலையத்துக்கு ஓடினார்கள். புகார் கவுன்டரில் இருந்த தமிழ்ப் பெண்மணிக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒரு பேனாவை எடுத்து ஜிப்பில் குத்தினார். பல் விலகிப் பெட்டி வாயைப் பிளந்தது. பூட்டோடு சேர்த்து ஜிப்பை அப்படியே இழுத்தார். பழையபடி மூடிக்கொண்டது.

“பூட்டெல்லாம் அழகுக்குத்தான் சார்.”

நத்தைக்கு உயிர் வந்தது. “பார்த்தியாக்கா!”

“அவசரப்படாதீங்க. நகைக்கு நஷ்டஈடு கிடைக்கிறதே குதிரைக்கொம்பு. முதல்ல எடை பார்க்கணும்.”

ஏற்றும்போது ஒட்டிய சீட்டில் இருபத்துமூன்று புள்ளி நாலு கிலோ. தராசு காட்டியது இருபத்துமூன்று புள்ளி நாலு. அந்தப் பெண்மணி இறக்கி வைத்து மறுபடி ஏற்றினார். அதே எண்.

“நூறு கிராம் குறைஞ்சாலே காட்டிடும் சார். குறையலேன்னா வழியில எதுவும் போகலேன்னு அர்த்தம். இல்ல...” அக்காவை ஒரு பார்வை பார்த்தார். “ஏத்தும்போதே உள்ள இல்லேன்னு அர்த்தம். எதுக்கும் அங்க எடுத்த ஸ்கேன் படத்தைக் கேட்டு வாங்கறேன்.”

காரில் திரும்பும்போது, தராசுகூட நமக்கு எதிராகச் சாட்சி சொல்லுகிற காலம் என்று நத்தை ஒரு ஜோக் அடித்துப் பார்த்தார். அதுவும் எடுபடவில்லை.

மறுநாள். பேய் ராத்திரியில்தான் வரும் என்பார்கள். இது பகல் பதினொன்று பத்து. ஊருக்குத்தான் பகல். கடல் தாண்டி வந்த நத்தையின் உடம்புக்கு நடுராத்திரி. திரையை இழுத்துவிட்டு ஹால் சோபாவில் படுத்திருந்தார்.

கிலுக்...

கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

அக்கா. நாற்காலியில் தொங்கிய இவருடைய பேன்ட் பைக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டது வேன் சாவி. பிறகு கோட்டின் உள்துணியைத் தடவினாள். குனிந்து ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

நத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டார். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. துடைத்தால் விழித்திருப்பது தெரிந்துவிடுமே... அவளுக்கு அவமானமாகிவிடுமே.

வாசலில் கிசுகிசுவென்று போன் பேச்சு. “ஒண்ணும் இல்லீங்க... அங்கேயே வித்துட்டிருப்பான்.”

கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் இறங்கியது. வேலைக்குப் போய்விட்டாள்.

வீட்டில் இவர் மட்டும்.

கிலுக்...

சாவி பேன்ட்டுக்குள் இருந்தது. பேன்ட் அசையவில்லை.

கிலுக்... கிலுக்...

சுவரோரம் நின்ற பெட்டியிலிருந்து வந்தது.

நத்தைக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. உள்துணிக்குள் எங்கோ மாட்டியிருக்கிறது! எடுத்து மேஜையில் வரிசையாக வைக்க வேண்டும். அக்கா வந்ததும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவளே பார்க்கட்டும்.

எழுந்தார். பெட்டியைப் படுக்க வைத்தார். பூட்டைத் திறக்கக் கையை நீட்டினார்.

ர்ர்ர்ர்...

ஜிப் பல் தானாக விலகியது. ஒரு சாண் அளவுக்கு. உள்ளிருந்து.

சரியாக மூடியிருக்க மாட்டேன், என்று சொல்லிக்கொண்டார். கையை உள்ளே விட்டார்.

ஸ்வெட்டர். அதன் கை. நேற்று தட்டையாக மடித்து வைத்தது.

இப்போது தட்டையாக இல்லை.

உருண்டையாக இருந்தது. உள்ளே ஏதோ திணித்த மாதிரி. தடவிக்கொண்டே போனார்... விளிம்பு வந்தது. அதற்கு அப்பால் வழவழவென்று ஒன்று. இரண்டு. மூன்று... எட்டும் இருந்தன!

பிடித்து இழுத்தார்.

வரவில்லை.

எதிலோ மாட்டிக்கொண்டிருந்தன. எதில் என்று விரலால் தடவினார்.

சில்லென்று இருந்தது.

அது அசைந்தது.

ஐந்து விரல்... அவர் மணிக்கட்டைச் சுற்றி... ஒவ்வொன்றாக மூடின.

“அம்மா...”

இறுகியது.

“விடும்மா... நான்தாம்மா...”

இன்னும் இறுகியது.

தெரிந்த பிடிதான். ஒன்பது வருஷம் அந்தக் கையைப் பிடித்துத்தான் எழுப்பினார். ஆனால் இது எழுந்திருக்கப் பிடிக்கிற பிடி இல்லை.

திருடனைப் பிடிக்கிற பிடி.

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. திடீரென்று விட்டது. பெட்டியை முழுசாகத் திறந்து கொட்டினார். ஸ்வெட்டர் துணியாகக் கிடந்தது. டப்பா காலி. வளையல் ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் அக்கா வந்து, “கையில என்னடா சிவந்திருக்கு?” என்றாள்.

“தூக்கத்துல அழுத்திடுச்சு.”

வேறு என்ன சொல்வார்? சொன்னால், திருட்டோடு நடிப்பும் சேர்ந்துகொள்ளும்.

எட்டாம் நாள் புகார் கவுன்டரிலிருந்து அழைப்பு. இரண்டு பேரும் போனார்கள். ஜலதோஷப் பெண்மணி கம்ப்யூட்டர் திரையை இவர்கள் பக்கம் திருப்பினார்.

“இது அங்க கவுன்டர்ல போட்டதும் எடுத்த படம்.”

பெட்டிக்குள் டப்பா. டப்பாவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு கறுப்பு வட்டம். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

அக்கா உடைந்துவிட்டாள். “டேய்... நான் உன் பாக்கெட்டைத் தடவினேன்டா... நீ தூங்கறப்ப...”

“தெரியும்கா.”

“தெரிஞ்சுமாடா சும்மா இருந்தே?”

“எழுந்தா நீ ஷூவைக் கீழ போட்டுடுவே. புது ஷூ.”

அழுதுகொண்டே அவர் தோளில் அடித்தாள். நத்தைக்கு அது போதும். வளையலும் வேண்டாம், நஷ்டஈடும் வேண்டாம். கிளம்பலாம் என்று எழுந்தார்.

“இருங்க சார்.” அந்தப் பெண்மணியின் குரல் இறங்கியிருந்தது. “விமானத்துல ஏத்துறதுக்கு முன்னாடி இன்னொரு ஸ்கேன் உண்டு. ரெண்டுக்கும் நடுவுல பெட்டி மூடின பெல்ட்ல போகும். ஆள் கை படாது.”

அடுத்த படத்தைத் தட்டினார்.

டப்பா காலி.

ஸ்வெட்டரின் கைக்குள் நீளமாக இரண்டு கோடு, ஆரஞ்சு நிறத்தில். கோடு முடிகிற இடத்தில் வரிசையாக எட்டு வட்டம். அதற்கப்பால்... மடங்கிய விரல்கள். ஜிப்பைப் பிடித்திருந்தன. உள்பக்கமாக.

“ஆரஞ்சுன்னா துணி, சாப்பாடு, உடம்பு. நீலமோ கறுப்போ தெரிஞ்சா உலோகம்,” என்றார் அந்தப் பெண்மணி. “மேல நாலு பேர்கிட்ட காட்டிட்டேன் சார். கையெழுத்துப் போட ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க.”

நத்தை திரையையே பார்த்தார். ஊட்டி, குளிப்பாட்டி, தூக்கி உட்கார வைத்த மகனையும் அம்மா நம்பவில்லை. போனில் கொஞ்சிய மகளையும் நம்பவில்லை.

அக்கா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“தம்பி... அந்த எலும்பு மேல நீலமா, பட்டையா... அது என்னடா?”

அவளுக்குத் தெரியாது. படுக்கையில் விழுவதற்கு முன்பு ஒருநாள் குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்தது, கை முறிந்தது, உள்ளே தகடு வைத்து ஆறு திருகாணி போட்டது, எதுவும் தெரியாது. அவ பதறுவா, சொல்லாதேன்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்தார். அந்தத் தகட்டோடுதான் அம்மாவைப் புதைத்தார்கள்.

நத்தை திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆறு.