மன்னவனூர்க்காரர் ஆக்கிப் போட்ட சோறு

நேற்றுக் காலையில் எங்கள் தெருவில் ஒருவன் “மலைப்பூண்டு, கொடைக்கானல் பூண்டு” என்று கூவிக்கொண்டு போனான். கூப்பிட்டு வாங்கி ஒரு பல்லை நசுக்கி முகர்ந்து பார்த்தேன். அசல் மலைப்பூண்டை நசுக்கினால் அடுத்த வீட்டுக்காரருக்குக் கண் கரிக்க வேண்டும். இதில் எனக்கே ஒன்றும் தெரியவில்லை. “உங்க மூக்குக்கு வயசாயிருச்சு அத்தை” என்கிறாள் மருமகள். இருக்கலாம். மூக்குக்குத்தான் வயசாகிறது, அந்த வாசனைக்கு ஆகவில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். பெரியகுளத்திலிருந்து மலையேறிப் போய், கொடைக்கானலில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வேலை. மூன்றாம் வகுப்புக்குப் பாடம், கூடவே விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தின் பொறுப்பு. என் உடம்பைப் பார்த்ததும் இவளுக்குச் சோற்றைப் பற்றி நன்றாகத் தெரியும் என்று முடிவு செய்திருப்பார்கள். தெரியும்தான்.

பள்ளியை நடத்தியவரை மிஸ்ஸியம்மா என்போம். உயரமான வெள்ளைக்கார அம்மாள். தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவர். நாயை விரட்டினால்கூட “அப்பாலே செல்” என்றுதான் விரட்டுவார். நல்ல மனம். பூண்டு வாசனை மட்டும் ஆகாது. ஆகாது என்றால் சமையலறைப் பக்கமே அது வரக்கூடாது. நானோ பூண்டு இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டு அறியாதவள். கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது எங்கள் வீட்டுப் பூண்டுக் குழம்பை நினைத்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள், அந்தக் குளிரில் நீங்களும் விட்டிருப்பீர்கள்.

விடுதியில் சம்பளம் கட்டிச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பீங்கான் பூசிய தட்டு. கட்ட முடியாதவர்களுக்குத் தகரத் தட்டு. சோறும் சாம்பாரும் ஒன்றுதான், தட்டுதான் வேறே. யார் இப்படி வகுத்தார்களோ, நான் போவதற்கு முன்பே அது வழக்கமாகியிருந்தது. இலவசச் சோற்றுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. அந்த வீட்டார் பள்ளிக்கு எதுவும் கொடுக்கக்கூடாது. கொடுக்க முடிந்தால் ஏழை இல்லை, ஏழை இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும்.

மேல்மலையில் இருக்கும் மன்னவனூரிலிருந்து காளியம்மா என்று ஒரு பிள்ளை வந்திருந்தாள். வாசிக்கச் சொன்னால் போதும், சந்தையில் ஏலம் விடுகிறவர் தோற்றார், அப்படி ஒரு குரல். எனக்கு அவள்மேல் தனிப் பிரியம். அவளுக்கு இலவச இடம் வாங்கிக் கொடுக்க மிஸ்ஸியம்மாவிடம் பேசியவளும் நான்தான்.

பூண்டு அறுப்பு முடிந்ததும் அவள் அப்பா ஒரு மட்டக்குதிரையை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். முதுகில் ஒரு பக்கம் பூண்டு, மறுபக்கம் உருளைக்கிழங்கு. நேரே பள்ளி வாசலில் இறக்கிவிட்டார்.

“எம்புள்ள உங்க வீட்ல சும்மா திங்குது டீச்சரம்மா. ஊருக்குள்ள தலை நிமுர முடியல. இத வாங்கிக்கங்க. இல்லையின்னா புள்ளய அனுப்புங்க, வெரசா கெளம்பினாத்தான் இருட்டுமுன்ன ஊர் சேரலாம்.”

வாங்கினால் சட்டப்படி அவள் இடம் போய்விடும். வாங்காவிட்டால் அவரே கூட்டிப் போய்விடுவார். தூணைப் பிடித்தபடி காளியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கைக் கைக்குட்டையால் மூடியபடி மிஸ்ஸியம்மா வெளியே வந்தார்.

“ஐயா, தங்களால் கொடுக்க இயலுமானால் தாங்கள் ஏழை அல்லவே?”

“நான் எப்பங்க ஏழைன்னு சொன்னேன்? கையில காசு இல்லையின்னுல்ல சொன்னேன்!”

மிஸ்ஸியம்மா தலையை மட்டும் மெல்ல அசைத்து, வேண்டாம் என்றார். அவர் ஊரில் அதற்கு அர்த்தம், பேச்சு முடிந்தது என்பது. மன்னவனூரில் அதற்கு வேறு அர்த்தம். அங்கே மூட்டையை வாசலில் போட்டுவிட்டு வாங்கிக்கோ என்பது மரியாதை இல்லை. வீட்டுக்காரர் வேண்டாம் என்று தலையசைத்தால், தப்பு கொண்டு வந்தவர் மேல்தான்.

மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “தப்புதாங்க. பச்சையாக் கொண்டாந்து போட்டா யாரு வாங்குவா? நானே ஆக்கிப் போடுறேன். எல்லாரும் சாப்பிட வாங்க.”

யாரும் வாயைத் திறக்குமுன் முற்றத்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டிவிட்டார். பஜாரில் அவரிடம் வழக்கமாகப் பூண்டு வாங்கும் ராவுத்தர் கடையிலிருந்து சாமை அரிசி, புளி, எண்ணெய், கீழ்மலைப் பண்ணைக்காட்டு வாழையிலைக்கட்டு எல்லாம் கடனாக வந்து இறங்கின. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பூண்டு உரித்தார்கள். குழம்பு கொதித்தபோது எழுந்த வாசனையில், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சமாளித்தேன்.

தரையில் வரிசையாக இலை. எந்தத் தட்டும் வெளியே வரவில்லை. மிஸ்ஸியம்மா நெடுநேரம் வராந்தாவில் நின்றார். பிறகு இறங்கி வந்து, நீளக் கால்களை மடக்கத் தெரியாமல் மடக்கி, காளியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வாய் உண்டார். கண்ணில் நீர் முட்டியது.

“ஐயா, இன்னும் சிறிது குழம்பு கிடைக்குமா?”

காளியம்மாவின் அப்பா சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது. “என்னங்க இப்பிடிக் கேக்குறீங்க, சட்டி நெறையாக் கெடக்கு!”

சாயங்காலம் மிஸ்ஸியம்மா என்னிடம் மிகவும் யோசித்துச் சொன்னார்: “அவர் பள்ளிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நாம்தாம் அவருடைய விருந்தினராய் இருந்தோம். விருந்துண்பதைச் சட்டம் விலக்கவில்லை.” காளியம்மா தங்கினாள். அதன் பிறகு தகரத் தட்டுப் பிள்ளைகள் எல்லாரும் “எங்கப்பா எப்ப டீச்சர் ஆக்கிப் போடுறது?” என்று என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். ஒவ்வோர் அறுப்புக்கும் ஓர் அப்பா வந்தார். நான் இன்னும் பருத்தேன்.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. அந்த இடத்தில் ஓட்டல் வந்துவிட்டதாம். குதிரைத் தடத்தில் பஸ் ஓடுகிறது. தகரத் தட்டும் ஒழிந்தது, நல்லவேளை. எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளியில் மத்தியானம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு. உன் வீட்டில் இருக்கிறதா இல்லையா என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. ஆனால் எந்தப் பிள்ளையின் அப்பாவும் வந்து இன்றைக்கு எங்கள் சோறு என்று வாத்தியாரை உட்கார வைத்து நான் பார்த்ததில்லை. அப்படி யாராவது வந்தால் விடுவீர்களா என்று அங்கே சமைக்கும் பெண்ணிடம் கேட்டேன்.

“அதெல்லாம் ரூல்ஸ்ல இல்லம்மா” என்றாள்.

எங்கள் ரூல்ஸிலும் அது இருக்கவில்லை. மன்னவனூர்க்காரர் அடுப்பை மூட்டிவிட்டார், அவ்வளவுதான்.