டொக்டர்மாரிடம் கேட்கக் கூடாத மருந்து

நிந்தவூரில் கலியாணம் என்றால் மணப்பெண்ணின் கைக்கு மருதோன்றி போட ஸுல்பிகாவைத்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய கைகளிலேயே சொரியாசிஸ் வந்து, தோல் செதில் செதிலாக உரியத் தொடங்கியதும் அந்த அழைப்புகள் குறைந்தன. தொற்றாத நோய் என்று எத்தனை பேருக்குச் சொல்வது? போன வருடம் ஒரு மணப்பெண்ணின் உம்மா, நாசூக்காக, மகளின் கையை அவளிடமிருந்து இழுத்துக்கொண்டார்.

கனடாவில் இருக்கும் தங்கை றுக்ஸானாவுக்கும் இதே தோல் வருத்தம். அங்குள்ள டொக்டர் கஞ்சாவில் செய்த கிரீம் ஒன்றை எழுதிக் கொடுத்தாராம், அரிப்பும் கடியும் குறைந்திருக்கிறதாம். அனுப்பட்டுமா என்று கேட்டாள். ஸுல்பிகா பயந்துபோய் வேண்டாமென்றாள். முதலில் இங்குள்ள டொக்டரிடம் கேட்போம் என்று கணவன் ஷிப்லியோடு கல்முனைக்குப் போனாள்.

கஞ்சா கிரீம் என்று அவள் சொன்னதும், அங்கிருந்த வயதான டொக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அவளை அல்ல, ஷிப்லியைப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று விசாரித்தார். பக்கத்தில் நின்ற நேர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஐந்து வேளை தொழுகிற மனிசன் ஷிப்லி, எழுந்து வெளியே போய்விட்டான்.

அடுத்த மாதம் தனியாகவே இன்னொருவரிடம் போனாள். டொக்டர் சுஜிந்தன் இளம் ஆள். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"நானும் வாசிச்சிருக்கன். ஆராய்ச்சி இன்னும் போதா. நல்லதெண்டும் சொல்லேலா, கூடாதெண்டும் சொல்லேலா. எங்களுக்கு அத ஒருத்தரும் படிப்பிக்கயில்ல."

"அப்ப ஆருட்டக் கேக்குற டொக்டர்?"

"ஆருட்டயும் கேக்காதீங்க. எண்ட பேரயும் சொல்லிராதீங்க."

பிறகு ஆறு வருடமாக அவள் பூசிவரும் அதே களிம்பை எழுதிக் கொடுத்தார். அது தோலை மெலிய வைக்கிறது என்று அவள் முறையிட்டபோது, குறைவாகப் பூசச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வேண்டாம் என்றிருந்தால் விட்டிருப்பாள். ஏன் வேண்டாம் என்று ஒருவராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதும் அவளுடைய கைகளை அவர்கள் பார்க்கவே மறந்துவிட்டார்கள்.

இப்போது அவள் கலியாண வீடுகளுக்குப் போவதில்லை. கையுறை போட்டுக்கொண்டு மருதோன்றிக் கோன் சுற்றிக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். வெக்கையில் கையுறைக்குள் கடி இன்னும் கூடுகிறது.

"டொக்டர் என்ன சொன்னார் ராத்தா?" என்று றுக்ஸானா போனில் கேட்டாள்.

"ஒண்டும் சொல்லயில்ல," என்றாள் ஸுல்பிகா.