கலப்படம் என்றார் பேராசிரியர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். தொண்ணூறுகளின் பிற்பாதியில், அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆய்வு மாணவியாக மலேரியா ஒட்டுண்ணி வளர்த்துக்கொண்டிருந்தபோது அது தினமும் வந்தது.

மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் நசுங்கிப் போய்ச் சேருவேன். கண்ணாடி ஜாடிக்குள் ஒட்டுண்ணிக் கிண்ணங்களை அடுக்கி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி மூடுவோம். பிராணவாயு குறைந்து சுடர் அணையும். அந்தக் காற்றில்தான் ஒட்டுண்ணி மகராசி செழிப்பாக வளருவாள். சாப்பாடு மனித ரத்தம். பல நாள் என்னுடையதுதான்.

ஒரே ஒரு ஒட்டுண்ணியிலிருந்து ஒரு பெரிய குடும்பத்தை வளர்த்தேன். ஒரு நோயாளியின் சீரம், அதாவது எதிர்ப்புச் சக்தி உள்ள ரத்தத் தெளிநீர், முதலில் அத்தனையையும் அடையாளம் கண்டது. சில வாரம் கழித்து, ஒரு பகுதியைக் கண்டுகொள்ளவே இல்லை. டி.என்.ஏ.வைச் சோதித்தேன். ஒரு கோடுகூடப் பிசகவில்லை. மரபணு அப்படியே இருக்க, வெளியே காட்டும் புரதத்தை, அதன் மேல்சட்டையை, மட்டும் மாற்றியிருந்தது.

"கலப்படம்மா," என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். "வேற ஒட்டுண்ணிக் கல்ச்சர் உள்ள பூந்துடுத்து. எல்லாத்தையும் கொட்டிட்டு மறுபடி ஆரம்பி."

மூன்று வருட உழைப்பு அது. கூடத்து உதவியாளர் தயங்கியபடி வந்தார். "நான் இன்னா பண்றது மேடம்? சார் கொட்ட சொல்ட்டாரு."

"கை வெச்சுப் பாருங்க," என்றேன். பாவம், அவர் மேல் கோபமே இல்லை.

நேரே பேராசிரியரிடம் போனேன். புதிதாக ஒற்றை ஒட்டுண்ணியிலிருந்து தொடங்குகிறேன், ஜாடி மூடியில் நீங்களே கையெழுத்துப் போட்டுச் சீட்டு ஒட்டுங்கள், ஒவ்வொரு தடவையும் உங்கள் கண்ணெதிரில்தான் திறப்பேன் என்றேன். ஒப்புக்கொண்டார். நான் தோற்பேன் என்று நம்பித்தான்.

சில வாரத்தில் மறுபடி அதே கதை. அந்தச் சட்டைக்கு அறுபது போல மரபணுக்கள் உண்டு, ஒன்று திறந்திருக்க மற்றவை பூட்டிக் கிடக்கும், பூட்டின் அடையாளம் ஒட்டுண்ணியின் பிள்ளைகளுக்கும் போகும், நம் உடம்பு ஒன்றைப் பிடிக்கப் பழகுவதற்குள் சில ஒட்டுண்ணிகள் வேறொன்றைத் திறந்துகொள்ளும் என்று இன்று பாடமே நடத்துகிறார்கள். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கலப்படம் இல்லை.

பேராசிரியர் நெடுநேரம் நுண்ணோக்கியில் பார்த்தார். "சரி, ஆய்வேட்டுல எழுது. ஆனா கலப்படம் இருந்திருக்கலாம்னு ஒரு வரி சேர்த்துடு. சீக்கிரம் டாக்டர் பட்டம் வந்துடும்."

"சேர்க்க மாட்டேன் சார்."

பட்டம் வர இன்னும் இரண்டு வருடம் ஆனது. அந்த வரி இல்லாமல்தான் வந்தது.