மூங்கில் தவளையும் ஒரே டேக் நல்லசிவமும்

நல்லசிவத்தின் முகம் உங்களுக்குத் தெரியாது, குரல் தெரியும். டிவியில் பல்பொடி முதல் பாம்பு வரை தமிழ் பேசுவது அவன் குரலில்தான். எதையும் முதல் தடவையிலேயே சரியாகப் பேசி முடித்துவிடுவதால், தி.நகர் டப்பிங் தியேட்டரில் அவனுக்கு 'ஒரே டேக் நல்லசிவம்' என்றே பெயர். குரல் பிசிறாது, நடுங்காது.

அந்த மகாராஜன்தான், அடையாறு ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகளை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. முந்தின இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டையும் துணி சுற்றிக் கையில் வாங்கியவன் அவன். இதையும் பார்த்துவிட்டுப் பறிகொடுக்க வேண்டுமா என்று மேற்கு மாம்பலத்து வீடும் டப்பிங் வேலையுமாகவே இருந்துவிட்டான். அழுகை வரவில்லை, பசியும் இல்லை. மரத்துப்போயிருந்தான். அதற்காக மனைவி மணிமொழியைத் தனியாக அங்கே விடுவதா? எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றைக்கு டப்பிங்குக்கு வந்தது மலைத் தவளைகள் பற்றிய படம். மூங்கிலில் இருக்கும் சின்னக் கீறல் வழியே ஆண் தவளை உள்ளே நுழைந்து கூப்பிடும். பெண் தவளை வந்து முட்டையிட்டுப் போய்விடும். தலைப்பிரட்டை என்ற பேச்சே கிடையாது. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகிக் குட்டி வெளியே வரும்.

"அதுவரை தகப்பன் தவளை அங்கேயே காவல் இருக்கும். அது விலகினால், வேறு ஆண் தவளைகள் முட்டைகளைத் தின்றுவிடும்" என்று வாசித்தான் நல்லசிவம். குரல் பிசிறவே இல்லை.

"ஓகே மாமா, சூப்பர்!" என்றான் ஒலிப்பதிவு செய்த ஃபராஸ். "பாப்பா எப்டி கீது? தூக்கினியா?"

"இன்னும் பாக்கலடா."

"இன்னா மாமா சொல்ற? தவளையே குந்திக்கினு கீது!"

நல்லசிவத்துக்குக் கோபம்கூட வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, வந்த ஆட்டோவை நிறுத்தி அடையாறு போகச் சொன்னான்.

குழந்தைகள் வார்டு வாசல் பெஞ்சில் மணிமொழி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் எழுப்பவில்லை. கதவைத் திறந்த நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா அம்மா மட்டும்தான் சார் உள்ள வரலாம். நீங்க யாரு?"

வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

"கேக்கல சார். இன்னொரு வாட்டி சொல்லுங்க."

நல்லசிவம் இரண்டாவது டேக் எடுத்தான்.

"அப்பா."