நானூற்றுப் பதினேழாம் நம்பர் நெகட்டிவ்

மேலகரம் இசக்கிப்பாண்டிக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய வீடியோ கேமராவுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் அதைக் கைவிட்ட பிறகும் அவர் கைவிடவில்லை. பழைய நெகட்டிவ்களைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் வேலையில் அதை அமர்த்திவிட்டார். பால்பவுடர் டப்பாவுக்குள் ஒரு பல்பு, டப்பாவின் வெள்ளை மூடிமேல் நெகட்டிவ், அதற்கு நேர்மேலே தலைகுப்புறத் தொங்கும் கேமரா. ஒரு பொத்தானை அழுத்தினால் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். படம் பக்கத்திலிருக்கும் பெட்டி டிவியில் வரும். வராவிட்டால் கேமராவின் முதுகில் ரெண்டு தட்டு. ஸ்கேனர் வாங்கலாமே என்று யோசனை சொன்னவர்களிடம் அவர் ஒரு வாரம் பேசமாட்டார்.

ஒரு காலத்தில் சீசனுக்குச் சீசன் குற்றாலம் ஐந்தருவியில் நின்று, குளித்து வருகிறவர்களைப் படம் எடுத்தவர். வாங்க வராதவர்களின் நெகட்டிவ்களையும் நம்பர் போட்டு பிஸ்கட் டின்களில் வைத்திருந்தார். அந்த டின்களைப் பற்றி அவர் மனைவி காளீஸ்வரி சொல்வதை எழுதினால் நாகரிகமாக இருக்காது.

அந்த டின்களைத் தேடித்தான் தென்காசியிலிருந்து ஷமீம் பானு வந்தாள், மகன் ஹுஸைஃபாவோடு. அவள் கணவர் மசூது போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷர். வீட்டில் ஒரு படம் கிடையாது. மகன் வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோனார். அவர் பர்சில் கிடந்த 417 என்ற சீட்டை, எண்ணெய் மசாஜ் டோக்கன் என்று நினைத்து முப்பது வருஷமாகப் பத்திரப்படுத்தியிருந்தாள். லீவில் வந்த ஹுஸைஃபா அதைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பின்னால் 'இசக்கி போட்டோஸ்' என்ற முத்திரை தெரிந்தது. நாளைக்கு அவனுக்கு ஷார்ஜா விமானம். அத்தாவின் முகத்தை அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நாலாவது டின்னில் 417 கிடைத்தது. டிவியில் முதலில் நீல முகத்தோடு ஒரு ஆள் வந்தார். இசக்கிப்பாண்டி எதையோ திருகி, கலர் தாளைச் செருகி, அவரை மனுஷ நிறத்துக்குக் கொண்டுவந்தார். ஈரத் தலை, ஈரக் கைலி, பின்னால் அருவி.

ஷமீம் பானு வெகுநேரம் பார்த்தாள். "இது அவுக இல்ல."

"என்னம்மா சொல்லுதிய! டின்னு மாறும், நம்பர் மாறாது."

"சாடை இருக்கு அண்ணாச்சி. ஆனா என்னமோ ஒப்பல." அவள் குரல் உடைந்தது. "நாந்தான் மொகத்த மறந்துட்டனோ?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போனாள். "இந்தா பாருங்க. எங்க ஆளுக கைலிய எடப்பக்கம்லா செருகுவாக? இந்த மனுசன் ஒங்கள மாதிரி வலப்பக்கம் செருகியிருக்காரு. மொகத்த மறந்தாலும் அத மறப்பனா?"

இசக்கிப்பாண்டி குனிந்து தன் கைலியைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். முப்பது வருஷத் தொழிலைக் கைலியை வைத்துக் குறை சொல்வதா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே வேகத்தில் டப்பாவிடம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மேலே இருக்கவேண்டிய நெகட்டிவின் பளபளப்பான பக்கம் கீழே கிடந்தது. புரட்டிப்போட்டதில் இடம் வலமாகியிருக்கிறது. போன வாரம் ஏற்றிய ஞானசம்பந்தம் வீட்டுப் பழைய கல்யாணப் படங்களில், பந்தியில் அத்தனை பேரும் இடது கையால் சாப்பிட்டது ஏன் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் குடும்பத்து வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தார்.

"கேமராவுக்கு வயசாயிட்டு," என்று பழியை அதன்மேல் போட்டுவிட்டு நெகட்டிவைத் திருப்பி வைத்தார். முதுகில் ரெண்டு தட்டு.

படம் குதித்து நின்றது. கைலி இடப்பக்கம் வந்தது. மசூதின் சிரிப்பில் இடப்பக்கப் பல் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ஹுஸைஃபாவின் விரல் தானாகத் தன் பல்லைத் தொட்டுப் பார்த்தது.

ஷமீம் பானு முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பக்கத்தில் ஆட்கள் இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"தலையத் தொவட்டாம நிக்கியளே," என்று டிவியைப் பார்த்துச் சொன்னாள், "சளி பிடிக்காதா?"