செம்பூர் வீட்டில் ஒரு பின்பால் மேசை

உல்லாஸ்நகர் பழைய சாமான் கடையிலிருந்து அந்தப் பின்பால் விளையாட்டு மேசையை டெம்போவில் ஏற்றிச் செம்பூருக்குக் கொண்டுவந்தபோது என் மனைவி ஒன்றுதான் கேட்டாள். "இத எங்கன வைக்கப் போறிய?" நியாயமான கேள்வி. எங்கள் ஹாலில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் சமையலறையில்தான் நிற்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வராத காலத்து மேசை அது. உள்ளே காயிலும் ரிலேயும் மோட்டாருமாக ஒரே வயர்க் காடு. இரும்புப் பந்து மோதினால் மணி அடிக்கும், எண் சக்கரம் கடகடவென்று உருளும். ஆபீஸ் போக மீதி நேரமெல்லாம் என் தலை அதன் வயிற்றுக்குள்தான்.

எல்லாம் ஓடியது. ஆனால் பாதி ஆட்டத்தில் 'டில்ட்' விளக்கு எரிந்து, பந்தைத் தட்டும் துடுப்புகள் செத்துவிடும். மேசையை ஆட்டி ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே உள்ளே பம்பரம் மாதிரி ஒரு பித்தளைக் குண்டு தொங்குகிறது. மேசை அசைந்தால் அது சுற்றியுள்ள வளையத்தில் இடிக்கும், ஆட்டம் காலி. நான்தான் மேசையை ஆட்டவேயில்லையே! எங்கோ ஷார்ட் என்று முடிவுகட்டி, ஒவ்வொரு ரிலேயாகக் கழற்றித் தேய்த்தேன். வயர்களை மறுபடி பற்றவைத்தேன். திட்டியும் பார்த்தேன்.

"ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சி வாரதுக்குள்ள சரியாவலேன்னா பங்கார்வாலா எடுத்துட்டுப் போயிருவான். சொல்லி வச்சாச்சு," என்றாள் மனைவி. பழைய இரும்புக்காரனுக்குப் பயந்து அன்றிரவே மறுபடியும் ரிலேக்களைக் கழற்றினேன்.

சனிக்கிழமை திருநெல்வேலியிலிருந்து அவள் அக்கா வந்தார். நான் சோதனைக்காக ஒரு ஆட்டத்தைத் தொடங்கி வைத்திருந்தேன். டீயை வாங்கியவர் சட்டென்று தம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, வீடு ஆடுதுல்லா!"

"எங்க ஆடுது?" என்றோம் நாங்கள் இருவரும். அதே நொடியில் டில்ட் விளக்கு எரிந்தது. ஜன்னலுக்குக் கீழே பன்வேல் லோக்கல் ரயில் போய்க்கொண்டிருந்தது.

வருஷக்கணக்காக ரயிலோரம் குடியிருக்கிறோம், ரயில் போனால் வீடு அதிர்வதே எங்களுக்கு உறைப்பதில்லை. எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. லேசான அதிர்வுக்கெல்லாம் வளையத்தில் இடிக்காதபடி குண்டைக் கம்பியில் சற்று மேலே ஏற்றி முடுக்கினேன். அடுத்த வண்டி போனது. ஆட்டம் நிற்கவில்லை.

மறுநாள் கோயிலிலிருந்து வந்ததும், "ஓடுதான்னு பாப்போம்" என்று மனைவி ஒரு பந்தைத் தட்டிவிட்டாள். பிறகு அக்கா. பிறகு மறுபடி மனைவி. செருப்பைக்கூட இருவரும் கழற்றவில்லை. அப்போது காலிங்பெல் அடித்தது. பங்கார்வாலா.

"பையா, ருக்கோ!" என்று மனைவி அவனை நிற்கச் சொன்னாள், திரும்பாமலே. பந்து விழுந்த பிறகுதான் நிமிர்ந்தாள். மேசையைப் பார்த்தாள், ஹாலைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"இது இருக்கட்டும். அந்த சோபாவக் குடுத்துருங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் படுத்துத் தூங்குகிற சோபா அது. ஒரு முனையை நானே பிடித்து மாடியிலிருந்து இறக்கிக் கொடுத்தேன்.