மருமகனின் முழங்காலில் தங்க மயில்

சுவிஸில் எங்கள் டீட்டிகோன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அன்று பின்னேரம் ஒரு சோடிச் சப்பாத்து இருந்தது. பக்கத்தில் தோல் பட்டி, தோல் பை, கொஞ்சம் தள்ளி நான் மூடிவைத்த புட்டு. மாப்பிள்ளை பழைய பேப்பரை விரித்துத்தான் வைத்திருந்தார் என்றாலும் சப்பாத்து சப்பாத்துத்தானே. என் மகள் வாசுகியைக் கட்டப்போகிற இயன், ஸ்கொட்லாந்துக்காரர், பக்கத்து ஊர் பாடனில் இஞ்சினியர், குனிந்து எல்லாவற்றுக்கும் கறுப்புப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் பதிவுக் கந்தோரில் கலியாண எழுத்து. கோயில் கலியாணம் பிறகு, அதற்கு வேட்டி. எழுத்துக்கு அவர்களுடைய கில்ட். கட்டம் போட்ட கம்பளித் துணி, நிறைய மடிப்பு, முழங்கால் மட்டும். அது எனக்குப் பெரிய புதினமாக இல்லை, எங்கள் ஆண்களும் இடுப்பில் சாரம் கட்டுகிறவர்கள்தான். விளங்காதது அந்தச் சாமான்கள்.

தோலுக்குத் தோல், உலோகத்துக்கு உலோகம் என்று டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், எனக்கு மெதுவாகச் சொன்னார். சப்பாத்துக் கறுப்பென்றால் பட்டியும் பையும் கறுப்பு. பட்டியின் பக்கிள் வெள்ளியென்றால் கோட்டுப் பொத்தானும், பையின் வாய்ப்பூட்டும், கில்டின் கீழ் மூலையில் முழங்காலுக்குப் பக்கத்தில் குத்துகிற ஊசியும் வெள்ளி. பஸ் கொண்டக்டரின் பை போல முன்னுக்குத் தொங்குகிற ஒன்றுக்கு இவ்வளவு சட்டமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தமிழிலேயே நாலு பேருக்கு முன் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள்.

ஆனால் மாப்பிள்ளைக்குப் பொன் போடாமல் எப்படி எழுத்துக்கு அனுப்புவது? டை கட்டினால் சங்கிலி தெரியாது. அதனால் என் பழைய காப்பை சூரிச்சில் தமிழ் நகைக்கடையில் கொடுத்து, கோட்டு நெஞ்சில் குத்த ஒரு மயில் புறோச் செய்வித்திருந்தேன். அதைக் கொண்டுவந்து நீட்டினேன். வாசுகிதான் முதலில் கதைத்தாள்.

"அம்மா, அவருக்கு எல்லாம் வெள்ளியெல்லே. தங்கம் சேராது."

"தங்கம் எதோடயடி சேராது?"

"அது அவையின்ர முறை. நீங்களும் மஞ்சள் சீலைக்கு ஊதாச் சட்டை போடமாட்டியள்தானே."

"போட்டனான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"சொன்னவை. உங்களுக்குச் சொல்லேல்லை."

என் முகம் மாறியிருக்க வேண்டும். இயன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மயிலை உள்ளங்கையில் வாங்கினார். "டாங்க, மாமி" என்று நன்றி சொன்னார். மாமி என்று கூப்பிட வாசுகி பழக்கியிருந்தாள்.

அடுத்த நாள் காலை கந்தோர் வாசலில் நின்றோம். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த இயனின் தகப்பனும் கில்ட்டோடு, பொத்தானிலிருந்து பட்டியின் பக்கிள் வரைக்கும் ஒரே வெள்ளியாக நின்றார். இயன் காரால் இறங்கினார். நேற்றுப் பார்த்த வெள்ளி ஊசியைக் காணவில்லை. அந்த இடத்தில், முழங்காலோடு, என் தங்க மயில். "மாமி, குட்?" என்று சிரித்தார்.

சின்னவளாக இருந்தபோது தங்கக் கொலுசு கேட்டு அழுதிருக்கிறேன். "பொன் லட்சுமியடி, இடுப்புக்குக் கீழ போடுறேல்லை, காலுக்கு வெள்ளிதான்" என்று அம்மா சொன்னதோடு அந்தக் கதை முடிந்தது. அதற்குப் பிறகு என் பெட்டியில்கூட நகையைச் சீலைகளுக்கு மேலேதான் வைப்பேன். இங்கே லட்சுமி ஒரு வெள்ளைக்காரரின் முழங்காலில் ஆடிக்கொண்டிருக்கிறாள். அந்த நேரம் தகப்பனும் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. மகனிடம் ஏதோ மெதுவாகச் சொல்லித் தலையை ஆட்டினார். பெரிய மனிசன், இவருக்கும் தெரிந்திருக்கிறது என்று எனக்குத் தெம்பு வந்தது. அவரைப் பார்த்து நானும் தலையாட்டினேன். அவர் திருப்பி ஆட்டினார். அந்தத் துணிவில் குனிந்து மயிலைக் கழற்றிவிட்டேன்.

மருமகனின் காலடியில் மாமி. இயன் பின்னுக்குப் போய்விட்டார். முகம் சிவந்துவிட்டது.

"அம்மா! குடுத்ததைத் திருப்பி வாங்கிறியளோ? இந்தக் கலியாணம் விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ, உள்ளுக்குப் போக முதல்."

வாசுகி அழுதுவிட்டாள். நான் பேசாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

"விருப்பமில்லாமலோ காப்பை உருக்கினனான்? பொன்னைக் காலில வைச்சால் பாத்துக்கொண்டு நிப்பனோ? உனக்கெல்லே தரித்திரம்!"

அவள் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். பிறகு இயனுக்கும் தகப்பனுக்கும் சொன்னாள். அவர்கள் சொன்னதை எனக்குச் சொன்னாள். தகப்பனுக்கு முழங்கால் பிரச்சினையே இல்லையாம். வெள்ளிகளுக்கு நடுவில் ஒரு தங்கம் இருப்பதுதான் பிரச்சினையாம். அது தெரிந்தும், என் முகம் வாடியதற்காகத்தான் இயன் தகப்பன் கொடுத்த வெள்ளி ஊசியைக் கழற்றியிருக்கிறார். நாங்கள் இரண்டு கிழங்களும் ஆளுக்கொரு காரணத்துக்காகத் தலையாட்டியிருக்கிறோம்.

மயிலை இயனின் கோட்டு நெஞ்சில் பிடித்துக் காட்டினேன். வெள்ளிப் பொத்தான்களைக் காட்டித் தகப்பன் மறுபடி தலையை ஆட்டினார். உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். இயன் என் கையிலிருந்து மயிலை வாங்கி, கோட்டைத் திறந்து, இடப்பக்கம் உள்ளே குத்திப் பொத்தானைப் பூட்டினார். தகப்பனுக்குத் திருப்தி. எனக்குத் திருப்தியா இல்லையா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நெஞ்சில் இருக்கிறது, ஆனால் பொன் போடுவது நாலு பேர் பார்க்கத்தானே? புறோச் விழுந்துவிடும் என்றோ என்னவோ, படம் பிடிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

படத்தைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள். "என்னக்கா, மாப்பிள்ளைக்கு ஒரு பொட்டுப் பொன்னும் போடேல்லையோ? ஏன் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், நோவோ?"

"உள்ளுக்க இருக்கு" என்றேன்.

"உள்ளுக்க என்ன, நெஞ்சு வருத்தமோ?"

கீழ்வீட்டு சுவிஸ் மனிசியும் பார்த்தாள். இதயத்தில் கை வைத்திருக்கிறார், எவ்வளவு அன்பு என்று தன் கையையும் நெஞ்சில் வைத்துக் காட்டினாள். அவளுக்கும் சொல்ல என்னிடம் டொச் இல்லை. "யா, யா" என்றேன்.

அந்தப் படத்தில் நானும் நிற்கிறேன், இயனுக்கும் தகப்பனுக்கும் நடுவில். எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் பூட்டிய கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.